ஒற்றை வீரை மரத்துக்குத் துணை தேடி...

எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீரை மரம் நிற்கிறது. அடிமரம் வரிவரியாகப் புடைத்து, ஓர் ஆள் கட்டிப்பிடித்தால் கை எட்டாத பருமன். சித்திரை வெயிலிலும் ஓர் இலை வாடாது. இருபது வருடத்துக்கு முன்பு அதைச் சுற்றி ஒன்றரை ஏக்கர் கோயில் காடு இருந்தது. கும்பாபிஷேகம் வந்தது; அன்னதானக் கூடம் வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று திருப்பணிக் கமிட்டி முடிவெடுத்தது. பொக்லைன் வந்து இரண்டே நாளில் வேலை முடிந்தது. அந்தக் கமிட்டித் தீர்மானத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. ‘பெரிய மரத்தை விட்டுட்டோமே, அது போதும்’ என்றுதான் அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

பூசாரி பெரியப்பாதான் போன வருடம் அந்தப் பேச்சை எடுத்தார். “காடு போனதிலேருந்து இந்த மரம் ஒரு பழம் உதுக்கலடா. சின்ன வயசுல இதே மரத்தடியில வீரப்பழம் பொறுக்கித் தின்னிருக்கோம். செவப்பா, இனிப்பா இருக்கும். சாமி குத்தம்னு நெனக்கிறேன்.”

அரசுக் கல்லூரியில் தாவரவியல் படிக்கும் என் தம்பி மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். “குத்தம்தான் தாத்தா, ஆனா சாமியோடது இல்ல. வீரையில ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. பனை மாதிரி. பழம் வெச்ச மரம்னா இது பெண் மரம். ஆண் மரத்தையெல்லாம் காட்டோட சேத்து எடுத்திருப்பாங்க” என்றாள்.

பனை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. ஆண்பனையே இல்லாத ஊரில் பெண்பனை நுங்கு வைக்குமா? ஒரு மரத்தை மட்டும் காப்பாற்றிவிட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, வாரிசு இல்லாத ஒரு கிழவியைத் தனியாக நிறுத்தி வைத்த கதையாகிவிட்டது.

வீரைக் கன்று எங்கே கிடைக்கும் என்று விசாரித்தோம். கடலூர் பக்கத்து நர்சரிகளில் தேக்கு, மகோகனி, செம்மரம், குமிழ் என்று வரிசையாகச் சொன்னார்கள். வீரை என்றதும், “அப்படி ஒரு மரமா?” என்று எங்களையே கேட்டார்கள். கடைசியில் தம்பி மகள்தான் ஆரோவில் தாவரவியல் பூங்காவைச் சொன்னாள். புரட்டாசியில் ஒரு நாள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. வேண்டாம் என்றால் கேட்கவில்லை.

முதலில் ஒரு கோயில் காடு

பூங்காவுக்குப் போகும் முன், கீழ்ப்புத்துப்பட்டில் இறங்கினோம். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், காலாப்பட்டைத் தாண்டி வருகிற ஊர். அங்குள்ள மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி இன்னும் காடு இருக்கிறது. இந்தக் கடலோரத்தில் மிச்சமிருக்கும் பழைய காட்டுத் துண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாக வந்து கணக்கெடுக்கிற இடம் இது.

உள்ளே நாலு அடி வைத்ததும் வெயில் போய்விட்டது. மரங்கள் ஒன்றும் வானளாவி நிற்கவில்லை. முப்பது, நாற்பது அடிதான் இருக்கும். ஆனால் மேலே பந்தல் போட்டதுபோல் மூடியிருக்கின்றன. இலைகளெல்லாம் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியது போன்றவை. கொடிகள் மரத்துக்கு மரம் தாவுகின்றன. வளையம் வளையமாகச் சுருண்ட கொக்கிகளோடு மோதிரக்கண்ணியைக் காட்டினாள் தம்பி மகள். பெரியப்பா அதைப் பார்த்து, “இதை விரல்ல மாட்டிக்கிட்டுத்தான் கல்யாண வெளையாட்டு வெளையாடுவோம்” என்றார். எங்கள் கோயில் காட்டிலும் அது இருந்திருக்கிறது. எனக்கு நினைவில்லை.

இந்தக் காட்டுக்குப் புத்தகத்தில் ‘வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு’ என்று பெயர். ஆந்திரக் கடலோரத்தில் தொடங்கி ராமநாதபுரம் வரை, கடலை ஒட்டிய குறுகலான ஒரு பட்டையில் இருப்பது. இலங்கையின் வன்னிப் பகுதியிலும் இதே வீரையும் பாலையும் உண்டு. இந்தப் பட்டையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பிறகு ஆறு மாதம் காய்ச்சல்தான். அந்தக் காய்ச்சலிலும் இலை உதிர்க்காமல் நிற்கப் பழகிய மரங்கள் இவை. வீரை, காசா, கருங்காலி, உலக்கைப்பாலை, காட்டு எலுமிச்சை, நெய்க்கொட்டான், கொஞ்சி, களா என்று பட்டியல் நீளும். வயலுக்காகவும் விறகுக்காகவும் வெட்டினார்கள். பிறகு முந்திரியும் சவுக்கும் வந்தன. மிஞ்சியவை பெரும்பாலும் அய்யனாரும் அம்மனும் காவல் இருந்த இடங்கள்தான். அந்தக் காவலை எங்கள் ஊரில் நாங்களே எடுத்துவிட்டோம்.

ஐம்பது ஏக்கர் செம்மண்

அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஆரோவில் போனோம். விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. தாவரவியல் பூங்கா என்றால் ஊட்டி மாதிரி பூக்கண்காட்சி, புல்தரை, செல்ஃபி என்று நினைத்துப் போகாதீர்கள். வெள்ளைக்காரர்கள் காலத்துப் பூங்காக்களின் நோக்கமே வேறு. 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் அமைத்த பூங்காவும் சரி, 1848-ல் தொடங்கிய ஊட்டி பூங்காவும் சரி, வெளியூர்ச் செடிகளைக் கொண்டுவந்து இந்த மண்ணில் வருமா என்று பார்க்கப் பெரிதும் உழைத்தவை. ஆரோவில் பூங்கா அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. இந்த மண்ணிலேயே இருந்து, இந்த மண்ணிலேயே காணாமல் போகிறவற்றைத் தேடிக் கொண்டுவந்து வைக்கிறது.

2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் 50 ஏக்கரில் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பகுதி முழுவதுமே ஒரு காலத்தில் மேல்மண் இல்லாத செம்மேடு. 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது, பெய்கிற மழையெல்லாம் செந்நீராக ஓடைகளைப் பிளந்துகொண்டு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. முதலில் வந்தவர்கள் செய்தது, நாம் மானாவாரியில் செய்கிற அதே வேலைதான். வரப்பு போட்டு மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு, எது வேகமாக வருகிறதோ அதை நட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வேலமர வகை ஒன்று அதில் முக்கியமானது. அது மண்ணுக்கு நிழலும் தழையும் கொடுத்தது உண்மை. ஆனால் 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் வந்தபோது, மளமளவென்று சாய்ந்தவற்றில் அதுதான் அதிகம். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு போன அந்த இரவை நம் வாசகர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். வேலமரத்தின் நிழலில் மெதுவாக வளர்ந்துகொண்டிருந்த நாட்டு மரங்களுக்கு அதன்பிறகுதான் வெளிச்சம் கிடைத்தது.

பூங்காவின் பாதி அளவு இடத்தில் மரங்களை மட்டும் வகைவாரியாக நட்டிருக்கிறார்கள். 250-க்கும் மேற்பட்ட மர வகைகள். அங்கே நான் கவனித்த ஒரு விஷயம்: எதையும் ஒற்றையாக வைக்கவில்லை. ஒரே வகையில் பல மரங்களைக் கூட்டமாக வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் வீரையின் கதை தெரிந்த பிறகு அதன் காரணம் சொல்லாமலே புரிந்தது. வீரை மட்டுமில்லை, கருங்காலியிலும் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஒன்றே ஒன்றை வேலி போட்டு, பெயர்ப்பலகை மாட்டி வைத்தால் அது காட்சிப் பொருள். அடுத்த தலைமுறை வராது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரே தாய் மரத்தின் விதையிலிருந்து நூறு கன்று போட்டால் நூறும் அண்ணன் தங்கை. ஆட்டு மந்தையில் ஒரே கிடாவை வருடக்கணக்கில் வைத்திருந்தால் குட்டி எப்படி இளைத்துப்போகும் என்று நமக்குத் தெரியும். மரத்துக்கும் அதுதான். அதனால்தான் மிச்சமிருக்கும் பல கோயில் காடுகளிலிருந்து விதை வரவேண்டும். ஓர் ஊர்க் காட்டை அழித்தால், அந்த ஊர் மரத்தின் குணமும் அதோடு போகிறது. எங்கள் ஊர்க் காட்டில் என்னென்ன இருந்தன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. பெரியப்பாவின் ஞாபகம் ஒன்றுதான் பதிவேடு. மரக் கூட்டங்களுக்கு நடுவே நடக்கும்போது அவர், “இது இருந்துச்சு... இதுவும் இருந்துச்சு... இது தெரியல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். தம்பி மகள் செல்போனில் குறித்துக்கொண்டாள். பதினேழு பெயர் வந்தது.

குதிரில் வைக்க முடியாத விதை

நாற்றங்காலில் வேலை செய்யும் அக்கா ஒருவர், பக்கத்து ஊர்க்காரர், எங்களுக்கு நிறைய நேரம் ஒதுக்கினார். “விதையாவே குடுங்களேன், எடுத்துட்டுப் போய் மெதுவா போட்டுக்கிறோம்” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். “வேப்பங்கொட்டைய அடுத்த வருஷத்துக்கு எடுத்து வெப்பீங்களா அண்ணே?”

நாட்டு மரம் காக்கும் வேலையில் நான் யோசிக்காமல் இருந்த முடிச்சு இதுதான். நெல், கம்பு, உளுந்து எல்லாம் நன்றாகக் காயவைத்தால் குதிரில் தூங்கும். உசில், கொன்றை போன்று நெற்றில் விதை வைக்கும் மரங்களும் அப்படித்தான். தோல் கெட்டி, வருடக்கணக்கில் தாங்கும். ஆனால் நாவல், இலுப்பை, பலா போன்றவற்றின் விதை ஈரத்தோடு பிறந்து ஈரத்தோடு முளைக்க வேண்டியது. காயவைத்தால் செத்துவிடும், குளிர்பெட்டியில் வைத்தாலும் தாங்காது. வேம்பும் சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பசுமைமாறாக் காட்டு மரங்களில் பலவும் இந்த ரகம். நெல்லுக்கு விதை வங்கி வைக்கலாம். இவற்றுக்கு நிற்கிற மரம்தான் குதிர். அப்படிப்பட்ட மரங்களைக் கூட்டமாக நிறுத்தி வைக்க ஒரு தாவரவியல் பூங்கா வேண்டியிருப்பது அதனால்தான்.

“பழம் கீழ விழுந்ததும் எறும்பும் பூஞ்சணமும் வர்றதுக்குள்ள பொறுக்கிடணும். சதையைத் தேய்ச்சுக் கழுவிட்டு, ரெண்டு மூணு நாளுக்குள்ள நெழல்ல போட்டுடணும். அப்புறம் பொறுமையா இருக்கணும். ஒண்ணு இந்த வாரம் மொளைக்கும், ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு மொளைக்கும். மொளைக்கலையேன்னு பையைக் கொட்டிடக் கூடாது” என்றார் அந்த அக்கா. பையைக் கொட்டுகிற ரகம் நான். இலுப்பை போட்டு இருபதாம் நாள் கொட்டியிருக்கிறேன்.

காட்டில் இந்த வேலையைக் கொண்டைக்குருவியும் மரநாயும் செய்துவிடுகின்றன. தின்றுவிட்டு வேறொரு மரத்தின் அடியில் போடுகின்றன. அங்கே நிழல் இருக்கிறது, முளைக்கிறது. நடுவில் வெட்டவெளி பெருகப் பெருக, பறவை தாண்டிப் போய்ப் போடுகிற தூரத்தில் இன்னொரு காடு இருப்பதில்லை. இந்த இடைவெளியில் நம் வரப்புகள் இருக்கின்றன.

நிலத்தில் என்ன பிரயோஜனம்?

வாசகர்கள் இதைத்தான் கேட்பீர்கள், நானும் கேட்டேன். வருமானம் என்று பார்த்தால் இவை தேக்கும் சவுக்கும் இல்லை. ஆமை வேகம். கருங்காலி மாலைக்கு வந்த மவுசைப் பார்த்து இப்போது பலரும் கருங்காலிக் கன்று கேட்கிறார்கள். உள்ளே கறுப்பு வைரம் பாய எத்தனை பத்தாண்டு ஆகும் என்று கேட்டால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். போதாததற்கு, அந்தப் பெயரில் இரண்டு வேறு மரங்கள் உலவுகின்றன. செங்கருங்காலி என்பது முள் உள்ள வேலமர இனம். கடலோரக் காட்டுக் கருங்காலி அது அல்ல. பாலை என்ற பெயரும் இப்படித்தான். வெப்பாலை, ஏழிலைப்பாலை, உலக்கைப்பாலை எல்லாம் வேறு வேறு மரங்கள்; முதல் இரண்டும் ஒரே குடும்பம், உலக்கைப்பாலை வேறு குடும்பம். பெயரை மட்டும் சொல்லிக் கன்று வாங்காமல், இலையும் காயும் உள்ள கிளையை எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள்.

உலக்கைப்பாலையில் நமக்கு நேரடியான ஒரு சங்கதி உண்டு. உங்கள் தோட்டத்தில் ஒட்டுக்கட்டிய சப்போட்டா இருக்கிறதா? ஒட்டுத் தழும்புக்குக் கீழே பாருங்கள். அந்த வேர் பெரும்பாலும் சப்போட்டாவுடையது இல்லை, பாலையுடையது. நர்சரிக்காரர்கள் ‘பாலா’ என்பார்கள். சப்போட்டா வெளிநாட்டிலிருந்து வந்தது. இந்த வறட்சியில் அதற்குக் கால் கொடுத்து நிற்பது நம் காட்டு மரம். வேர்ச்செடி ஒட்டுக்கட்டும் பருமனுக்கு வரவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது என்பதால் இதன் விதைக்கு எப்போதும் தேவை உண்டு. பழமும் தேன் மாதிரி இனிக்கும். கடலோர மாவட்டத்தில் வரப்போரம் நாலு பாலை வைப்பவருக்கு நஷ்டம் வராது என்பது என் கணக்கு. பலன் பார்ப்பது உங்கள் பிள்ளைகளாக இருக்கலாம்.

களாவும் கொஞ்சியும் உயிர்வேலிக்கு நல்லவை. களா முள் ஆட்டை நிறுத்தும். காய் ஊறுகாய்க்கு ஆகும். கம்பி வேலி துருப்பிடிக்கிற கடற்கரைக் காற்றில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆறு வீரைக் கன்று

எங்களுக்கு ஆறு வீரைக் கன்றுகள் கிடைத்தன. கூடவே காசா, நெய்க்கொட்டான், களா கொஞ்சம். வீரைக் கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது. பூக்கிற போதுதான் தெரியும். தம்பி மகள் பஸ்ஸிலேயே கணக்குப் போட்டாள். பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால், ஒரே ஒரு கன்று நட்டால் அது பெண்ணாகப் போய்விட சம வாய்ப்பு. ஐந்து நட்டால், ஐந்துமே பெண்ணாகப் போக முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஒன்று செத்தாலும் ஐந்து மிஞ்சட்டும் என்றுதான் ஆறு வாங்கினோம். தனி மரமாக வீரை, கருங்காலி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடும் முறையில் பெரிய சூட்சுமம் இல்லை. வடகிழக்குப் பருவமழையின் முதல் நல்ல மழைக்குப் பிறகு நட வேண்டும். நடும்முன் பத்து நாள் கன்றை அரைநிழலில் பழக்க வேண்டும். கொஞ்சம் தொழுஉரம், மேலே கனமான மூடாக்கு. ரசாயன உரம் தேவையில்லை. வெட்டவெளியில் நட்டால் முதல் கோடையே கருக்கிவிடும். உசில், கிளைரிசிடியா போன்று ஏதாவது ஒன்றின் மேற்குவெயில் படாத பக்கம் நடுவது நல்லது. இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஆடுதான் முக்கிய எதிரி. முள் அடைக்காமல் விடாதீர்கள்.

பூங்காவை நம்பி மட்டும் உட்கார்ந்துவிடவும் முடியாது. ஐம்பது ஏக்கர் ஓர் இடத்தில் இருக்கிறது. இன்னொரு தானே நேராக அங்கேயே வரலாம். பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து மரம் காட்டுகிறார்கள் என்பது எனக்குப் பிடித்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை தூரம் போக முடியாது. அவர்களுக்குக் காட்ட எங்கள் கோயிலில் காடு வேண்டும். திரும்பி வந்த வாரமே கமிட்டியைக் கூட்டினோம். வண்டி நிறுத்தும் இடத்தின் வடக்கு ஓரம், இருபது அடி அகலத்துக்கு சிமென்ட் கல்லைப் பெயர்த்தெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இளைஞர் ஒருவர், “பார்க்கிங் பத்தாதே” என்றார். பெரியப்பா, “சாமி நடந்துதான்டா வந்துச்சு” என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. இந்த முறையும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கன்றுகள் இப்போது கோயில் கிணற்றடிப் பந்தலில் இருக்கின்றன. மழைக்குக் காத்திருக்கிறோம்.

பெரியப்பா குறித்துக் கொடுத்த பதினேழில் ஒன்பதுக்கு இன்னும் கன்று கிடைக்கவில்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களில் உங்கள் ஊர் அய்யனார் கோயிலிலோ அம்மன் கோயிலிலோ பழைய காடு மிச்சமிருந்தால், அதிலும் காய்க்கிற வீரை இருந்தால், இதழின் கேள்வி-பதில் பகுதி முகவரிக்கு ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எந்த மாதத்தில் பழம் விழுகிறது என்பதையும் குறிப்பிடுங்கள். நாங்களே வந்து பொறுக்கிக்கொள்கிறோம். பாதி விதையை உங்கள் ஊருக்கே கன்றாக்கித் திருப்பித் தருகிறோம்.